ஒரு பெயர் நீண்ட கதை

1824ஆம் ஆண்டு அமெரிக்காவில் 'தி வர்ஜீனியா ஹவுஸ்-வைஃப்' என்ற சமையல் நூல் வெளியானது. எழுதியவர் மேரி ராண்டால்ஃப். அதில் ஒரு பக்குவத்தின் தலைப்பு ஒரே சொல்: மக்கரோனி. பாலும் தண்ணீரும் கலந்து அதில் மக்கரோனியைக் குழைய வேகவைக்க வேண்டும். வடித்து, கொஞ்சம் உப்புத் தூவி, பாத்திரத்தில் ஓர் அடுக்கு பரப்ப வேண்டும். அதன்மேல் சீஸும் வெண்ணெயும் வைத்து, மீண்டும் அடுக்கி, ஓவனில் சுட்டெடுக்க வேண்டும். அவ்வளவுதான் குறிப்பு.

இருநூறு ஆண்டுகள் ஓடிவிட்டன. அமெரிக்கத் தென்மாநிலங்களில் இன்றும் அந்தப் பண்டம் அநேகமாக அப்படியே இருக்கிறது. ஆனால் அதன் பெயர் இப்போது 'சதர்ன் ஸ்டைல் பேக்டு மக்கரோனி அண்டு சீஸ்'. ஒரு சொல்லாக இருந்தது இப்படி ஏன் நீண்டது? சமையலறையில் ஒரு பெயர் காரணமில்லாமல் நீளாது. பக்கத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்து, இது எது அது எது என்று பிரித்துச் சொல்ல வேண்டிய நிலை வந்தால்தான் பழைய பெயருக்கு அடைமொழி தேவைப்படும். இந்தப் பெயரிலுள்ள ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே எடுத்துப் பார்த்தால், அது எப்போது, எதனால் ஒட்டியது என்று தெரிந்துகொள்ளலாம். அதோடு, இந்தப் பெயரில் இருந்திருக்க வேண்டிய ஒன்று இல்லாமல் போனதும் தெரியவரும்.

மக்கரோனி

1279ஆம் ஆண்டு, இத்தாலியின் ஜெனோவா நகரம். ஊகோலினோ ஸ்கார்பா என்ற ஆவணப் பதிவாளர் ஒரு போர்வீரரின் உடைமைகளைப் பட்டியலிடுகிறார். அந்தப் பட்டியலில், ஒரு சிறு பெட்டி நிறைய மக்கரோனி என்று ஒரு வரி இருக்கிறது. சொத்துக் கணக்கில் சேர்த்து எழுதியிருக்கிறார்கள் என்றால் அது கெட்டுப்போகாத உலர்பண்டமாக இருந்திருக்க வேண்டும். விலையும் இருந்திருக்க வேண்டும். மார்க்கோ போலோ சீனாவிலிருந்து பாஸ்தாவைக் கொண்டுவந்தார் என்று சொல்லப்படும் கதையை மறுக்க இந்த ஒரு வரியே போதும். அவர் ஊர் திரும்பியது 1295இல்.

சொல்லின் வேர் பற்றி அறிஞர்களிடையே இரண்டு கருத்துகள் உண்டு. இத்தாலிய மொழியில் 'அம்மக்காரே' என்றால் நசுக்குதல், பிசைதல். மாவைப் பிசைந்து அழுத்திச் செய்வதால் மக்கரோனி ஆனது என்பது ஒரு தரப்பு. கிரேக்க மொழியில் 'மக்காரியா' என்பது வாற்கோதுமையில் செய்த ஓர் உணவு. அதிலிருந்து வந்தது என்பது மறுதரப்பு. வழக்கு இன்னும் தீரவில்லை.

தொடக்கத்தில் இந்தச் சொல் இன்றைய துளையுள்ள குழலை மட்டும் குறிக்கவில்லை. பிசைந்த மாவை உருட்டியோ கிள்ளியோ வேகவைத்த பலவற்றுக்கும் அதுவே பெயர். பொக்காச்சியோ 14ஆம் நூற்றாண்டில் எழுதிய 'டெக்கமரான்' கதைகளில் ஒரு கற்பனை நாடு வருகிறது. அங்கே துருவிய பார்மசான் சீஸால் ஆன ஒரு மலை. அதன் உச்சியில் மக்கரோனி செய்து, சேவல்கறிச் சாற்றில் வேகவைத்துக் கீழே உருட்டிவிடுகிறார்கள். உருண்டு வருகிற வழியிலேயே அதன்மேல் சீஸ் ஒட்டிக்கொள்ளும். அதே நூற்றாண்டின் இறுதியில், சுமார் 1390இல், இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ரிச்சர்டின் அரண்மனைச் சமையல்காரர்கள் தொகுத்த 'தி ஃபோர்ம் ஆஃப் கியூரி' என்ற ஏட்டில் 'மக்கெரூன்ஸ்' இடம்பெற்றுவிட்டது. மாவை மெல்லிசாகத் தேய்த்து, துண்டுபோட்டு, வேகவைத்து, சீஸைத் துருவி, வெண்ணெயோடு சேர்த்து மேலும் கீழும் இட வேண்டும் என்கிறது அந்தக் குறிப்பு.

மக்கரோனி என்று சொன்னாலே அதில் சீஸும் வெண்ணெயும் அடங்கியிருந்தன என்பதற்குச் சமையல் நூலுக்கு வெளியிலும் சாட்சி உண்டு. 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியத் துறவி தியோஃபிலோ ஃபொலெங்கோ, லத்தீனையும் ஊர்ப் பேச்சையும் கலந்து கவிதை எழுதினார். அந்த நடைக்கு 'மக்கரோனிக்' என்று பெயர். நம் மணிப்பிரவாளம் போல இருமொழிக் கலப்பு. ஆனால் அதில் முத்தும் பவளமும் கோத்த பெருமிதம், இதில் நாட்டுப்புறத்துக் கேலி. அந்தப் பெயருக்கு ஃபொலெங்கோவே விளக்கம் தந்திருக்கிறார். மாவும் சீஸும் வெண்ணெயும் சேர்த்துக் கிண்டிய, நயநாகரிகமற்ற, குடியானவர் உண்ணும் பண்டத்தின் பெயரால் வந்தது இந்தக் கலை என்கிறார். சீஸ் அந்த வரையறைக்குள்ளேயே இருக்கிறது. தனியாகச் சொல்லத் தேவையில்லை. 1824இல் மேரி ராண்டால்ஃப் 'மக்கரோனி' என்று மட்டும் தலைப்பிட்டதும் இந்தப் பழைய வழக்கின்படிதான்.

இதே சொல் வேறு பாதைகளிலும் நடந்தது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், பாதாமும் சர்க்கரையும் சேர்ந்த மக்ரூன் ஆனது. தூத்துக்குடியில் முந்திரிப்பருப்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துச் செய்யும் மக்ரூனும் அதே சொல்தான். 1760களில், இத்தாலி சுற்றிவந்த லண்டன் பணக்கார இளைஞர்கள் உயர்ந்த பொய்முடியும் இறுக்கமான உடையும் தரித்து உலவினார்கள். அவர்களுக்கு 'மக்கரோனி' என்று பட்டப்பெயர் விழுந்தது. 1764இல் எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் தம் கடிதத்தில் மக்கரோனி கிளப் பற்றிக் குறிப்பிடுகிறார். அமெரிக்கர்கள் பாடும் 'யாங்கி டூடுல்' பாட்டில் வருகிற மக்கரோனி இந்த ஆடம்பரம்தான், உணவல்ல. தெற்குக் கடல்களில் தலையில் மஞ்சள் கொண்டையோடு நின்ற பென்குவினைக் கண்ட ஆங்கிலேய மாலுமிகள் அதற்கும் மக்கரோனி என்றே பெயர் வைத்தார்கள். குடியானவர் உணவின் பெயராக இருந்தது இரண்டரை நூற்றாண்டுக்குள் பகட்டின் பெயராகிவிட்டது. கடலைத் தாண்டி வந்த பண்டங்கள் பலவும் போய்ச் சேர்ந்த ஊரில் முதலில் பணக்காரர் மேசையில்தான் ஏறும்.

சீஸ்

சீஸ் என்ற சொல் லத்தீன் 'காசியூஸ்' என்பதிலிருந்து வந்தது. பாலிலுள்ள கேசீன் என்ற புரதத்தின் பெயரும் அங்கிருந்துதான். ஆனால் இத்தாலியரும் பிரெஞ்சுக்காரரும் வேறு வழியில் போனார்கள். திரிந்த பாலை அழுத்தி வைக்கும் அச்சுக்கு லத்தீனில் 'ஃபோர்மா'. அதிலிருந்து 'ஃபொர்மாஜ்ஜியோ', 'ஃப்ரொமாஜ்'. அமெரிக்கத் தென்மாநிலத்துக் கிராமக் கடைகளில் இதே வழியில் தனியாக ஒரு பெயர் பிறந்தது. வட்டமான அச்சில் அழுத்தி, சிவப்பு மெழுகு பூசி வைத்திருக்கும் பெரிய சீஸ் உருளைக்கு அங்கே 'ஹூப் சீஸ்' என்று பெயர். ஹூப் என்றால் வளையம், அதாவது அந்த அச்சு. கடைக்காரர் உருளையிலிருந்து வேண்டிய அளவு வெட்டி எடுத்து எடைபோட்டுக் கொடுப்பார். தென்னக வீடுகளின் மக்கரோனியில் நெடுங்காலம் உருகியது பார்மசான் அல்ல. இந்த ஹூப் சீஸும் செடாரும்தான்.

'அண்டு சீஸ்' என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டிய தேவை மெல்ல மெல்ல வந்தது. 1848இல் அன்டுவான் செரேகா நியூயார்க்கின் புரூக்ளினில் பாஸ்தா தொழிற்சாலை தொடங்கினார். கீழ்த்தளத்தில் குதிரை சுற்றி இயந்திரத்தை ஓட்டியது. மொட்டைமாடியில் பாஸ்தா வெயிலில் காய்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் லட்சக்கணக்கான இத்தாலியர் குடியேறினார்கள். தக்காளிச் சாறும் அவர்களோடு வந்தது. அதே காலத்தில் மார்க் கார்ல்டன் என்ற வேளாண் அறிஞர் ரஷ்யாவிலிருந்து கடின வகைக் கோதுமையைக் கொண்டுவந்து அமெரிக்கச் சமவெளியில் பரப்பினார். அதற்கும் 'மக்கரோனிக் கோதுமை' என்றே பெயர். மக்கரோனி மலிந்தது, பலவிதமாகச் சமைக்கப்பட்டது. சீஸோடு சேர்ந்தது என்று சொன்னால்தான் இன்னதென்று புரியும் என்ற நிலை வந்தது. வரையறைக்குள் இருந்த சீஸ், பெயருக்குள் வந்தது இப்படித்தான்.

பேக்டு

பிராய்லர் வந்த பிறகுதான் நம் வீட்டுக்கோழி 'நாட்டுக்கோழி' ஆனது. 'பேக்டு' என்ற அடைமொழிக்கும் அதுவே கதை.

1769இல் இங்கிலாந்தில் எலிசபெத் ரஃபால்ட் எழுதிய நூலில், வெந்த மக்கரோனியை க்ரீமும் மாவில் புரட்டிய வெண்ணெயும் விட்டு வாணலியில் கொதிக்கவைத்து, மேலே வாட்டிய பார்மசானைப் பரப்பச் சொல்கிறார். மாவும் வெண்ணெயும் சேர்ந்து குழம்பைத் தடிமனாக்கும் இந்த முறைக்கு அன்றிலிருந்து இன்றுவரை ஒரு பரம்பரை உண்டு. மேரி ராண்டால்ஃபின் வர்ஜீனிய முறை வேறு: குழம்பே கிடையாது; அடுக்கு, சீஸ், வெண்ணெய், ஓவன். நாளடைவில் அந்த அடுக்குகளுக்கு மேல் பாலில் அடித்த முட்டையும் ஊற்றினார்கள். அது உள்ளே இறுகி, கத்தியால் வெட்டித் துண்டாக எடுத்துவைக்கிற பதம் வந்தது. தென் கரோலினாவிலும், கரீபியத் தீவுகளான பார்படோஸிலும் டிரினிடாடிலும், இதை 'மக்கரோனி பை' என்றே இன்றும் சொல்கிறார்கள். அதை அள்ளிப் பரிமாற மாட்டார்கள், வெட்டித்தான் பரிமாறுவார்கள்.

1937இல் கிராஃப்ட் நிறுவனம் ஓர் அட்டைப்பெட்டியைக் கடைக்குக் கொண்டுவந்தது. உள்ளே உலர்ந்த மக்கரோனி, கூடவே துருவிய சீஸ். விலை 19 சென்ட். நான்கு பேருக்குச் சாப்பாடு, ஒன்பதே நிமிடம் என்பது விளம்பரம். பொருளாதார மந்தத்தில் தவித்த வீடுகளுக்கு அது பெரிய ஆறுதல். இரண்டாம் உலகப்போரில் இறைச்சியும் பால்பொருள்களும் ரேஷனுக்கு வந்தபோது, ஒரு ரேஷன் புள்ளிக்கு இரண்டு பெட்டி கிடைத்தது. அடுப்பின் மேலேயே முடிந்துவிடுகிற வேலை. ஓவன் வேண்டாம், முட்டை வேண்டாம், காத்திருக்க வேண்டாம். ஒரு தலைமுறைக்குள் நாட்டின் பெரும்பகுதிக்கு மக்கரோனி அண்டு சீஸ் என்றால் அந்தப் பெட்டிதான் என்றாகிவிட்டது. பெயரும் 'மேக் அண்டு சீஸ்' என்று குறுகிப் பேச்சில் பரவியது. 2022இல் கிராஃப்ட் அமெரிக்காவில் தன் பெட்டியின் பெயரையே அப்படி மாற்றிக்கொண்டது.

பெட்டி வந்ததும், ஓவனில் செய்தவர்கள் தங்களுடையதைப் பிரித்துச் சொல்ல வேண்டியதாயிற்று. 'பேக்டு' என்பது பக்குவத்தின் பெயர் மட்டுமல்ல, உறுதிமொழியும்கூட. இது பெட்டியைப் பிரித்துக் கொட்டியது அல்ல, ஒருவர் நின்று செய்தது என்று அந்தச் சொல் உத்தரவாதம் தருகிறது.

சதர்ன்

இந்த ஊர்ப்பெயர்தான் எல்லாவற்றிலும் கனமானது. 'மக்கரோனி அண்டு சீஸை அமெரிக்காவுக்கு அறிமுகப்படுத்தியவர் தாமஸ் ஜெஃபர்சன்' என்று நெடுங்காலமாகச் சொல்லிவந்தார்கள். அவர் அதைக் கண்டுபிடிக்கவில்லை. ரஃபால்டின் நூலே அவருக்கு முந்தியது. ஆனால் அவருக்கு அதில் ஆர்வம் இருந்தது உண்மை. மக்கரோனி பிழியும் இயந்திரத்தின் படத்தை வரைந்து குறிப்பெழுதி வைத்தார். 1789இல் தம் செயலாளர் வில்லியம் ஷார்ட் மூலம் நேப்பிள்ஸில் ஓர் இயந்திரத்தை வாங்கினார். ஆறு முட்டை, இரண்டு ஒயின் கோப்பைப் பால், இரண்டு பவுண்டு மாவு என்று நூடுல் செய்யும் முறை அவர் கையெழுத்திலேயே இருக்கிறது. மாவைப் பிசைவது, தாள் பருமனுக்குத் தேய்ப்பது, வெட்டுவது, வெந்நீரில் இடுவது எல்லாம் சொல்லிவிட்டு, பிறகு மக்கரோனிக்குச் செய்வதுபோல் செய்க என்று மட்டும் அந்தக் குறிப்பு சொல்கிறது. மக்கரோனிக்கு என்ன செய்வது என்று அவர் எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை. அடுக்களையில் நின்றவர்களுக்கு அது தெரியும்.

அடுக்களையில் நின்றவர் ஜேம்ஸ் ஹெமிங்ஸ். 1765இல் பிறந்தவர், அடிமையாக்கப்பட்டவர், ஜெஃபர்சனின் மனைவிக்கும் இவருக்கும் தந்தை ஒருவரே. 1784இல் பிரான்சுக்குத் தூதராகப் போன ஜெஃபர்சன், பிரெஞ்சுச் சமையல் பழகுவதற்காகப் பத்தொன்பது வயது ஹெமிங்ஸைக் கூட்டிச்சென்றார். பாரிஸில் தொழில்முறைச் சமையல்காரர்களிடமும் கொந்தே இளவரசரின் சமையல்காரரிடமும் அவர் பயின்றார். 1787இல் தூதரின் மாளிகைக்கே தலைமைச் சமையல்காரர் ஆனார். பிரெஞ்சு மண்ணில் அவர் வழக்குத் தொடுத்து விடுதலை கேட்டிருக்கலாம். ஆனால் 1789இல் அமெரிக்கா திரும்பினார். 1793இல் ஜெஃபர்சன் ஒரு வாக்குறுதி எழுதிக்கொடுத்தார்: தனக்குப் பதிலாக ஒருவருக்குச் சமையலைக் கற்றுக்கொடுத்தால் ஹெமிங்ஸுக்கு விடுதலை. அவர் தம் தம்பி பீட்டரைப் பழக்கினார். 1796 பிப்ரவரியில் விடுதலைப் பத்திரம் கிடைத்தது. அதே மாதம் ஜெஃபர்சனின் மான்டிசெல்லோ இல்லத்து அடுக்களையின் பாத்திரங்களை எண்ணித் தம் கையால் எழுதிய பட்டியல் இன்றும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது. 1801இல், முப்பத்தாறாவது வயதில், அவர் இறந்துபோனார்.

அவர் விடுதலைக்குக் கொடுத்த விலை ஒரு கலையைக் கைமாற்றுவது. தம்பியோ அடிமையாகவே அந்த அடுப்படியில் நின்றார்.

அடுத்த ஆண்டு, 1802 பிப்ரவரி 6 அன்று, அமெரிக்க அதிபராகியிருந்த ஜெஃபர்சன் அதிபர் மாளிகையில் விருந்து வைத்தார். மாசசூசெட்ஸ் காங்கிரஸ் உறுப்பினர் மனாசே கட்லர் அதைத் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். மக்கரோனி என்றொரு பை வந்தது, நெய்ப்பிடிப்பான மேல்தோலுக்குள் வெங்காயத் தண்டுபோல ஏதோ நிறைந்திருந்தது, சுவை காட்டமாக இருந்தது, அவருக்குப் பிடிக்கவில்லை. அதிபரின் செயலாளர் மெரிவெதர் லூயிஸ், அது வெங்காயமல்ல, மாவும் வெண்ணெயும் சேர்த்துச் செய்த இத்தாலியப் பண்டம் என்று விளக்கினார். விருந்தாளி பெயர் இருக்கிறது, விளக்கம் சொன்னவர் பெயர் இருக்கிறது, எந்தச் சுவை உறுத்தியது என்பதும் இருக்கிறது. செய்தவர் பெயர் இல்லை. அந்த மாளிகையின் தலைமைச் சமையல்காரர் பிரெஞ்சுக்காரரான ஒனோரே ஜூலியன். அவரிடம் பழகுவதற்காக மான்டிசெல்லோவிலிருந்து அடிமைப் பெண்களை அனுப்பினார்கள். அவர்களில் ஒருவரான எடித் ஃபாசெட் அதே 1802இல் வந்தவர். பின்னாளில் மான்டிசெல்லோவின் தலைமைச் சமையல்காரர் ஆனார்.

வர்ஜீனியாவின் பெரிய வீடுகளில் புத்தகம் எழுதியவர் ஒருவர், அடுப்பில் நின்றவர் வேறொருவர். விடுதலை வந்த பிறகு அந்தக் கைகள் தங்கள் சொந்த வீட்டுக்கு இந்தப் பண்டத்தைக் கொண்டுபோயின. பால், வெண்ணெய், சீஸ் மூன்றும் விலையேறியவை. ஆகவே ஞாயிற்றுக்கிழமைக்கும் திருநாளுக்கும் தேவாலய விருந்துக்கும் உரியதாயிற்று. 20ஆம் நூற்றாண்டில் லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் தெற்கைவிட்டு சிகாகோவுக்கும் டெட்ராய்ட்டுக்கும் போனபோது இதுவும் கூடவே போனது. 1960களில் கறுப்பின மக்களின் சமையலுக்கு 'சோல் ஃபுட்' என்ற பெயர் பரவியபோது அதன் நடுவில் இது இருந்தது. 1981இல் அரசு தன் கிடங்கில் தேங்கிய சீஸை ஐந்து பவுண்டுக் கட்டிகளாக ஏழைகளுக்கு வழங்கியது. அதுவும் பல வீடுகளில் மக்கரோனியில்தான் உருகியது. 2013இல் வெளியான 'சோல் ஃபுட்' நூலில் ஏட்ரியன் மில்லர் இந்தப் பண்டத்துக்குத் தனி அத்தியாயமே ஒதுக்கினார். இன்றும் தென்னக உணவகங்களில் ஒரு கறிக்கு மூன்று காய் என்று பரிமாறும்போது, மக்கரோனி அண்டு சீஸ் காய்கறி வரிசையில்தான் நிற்கும்.

'சதர்ன்' என்று சொல்லும்போது இவ்வளவையும் ஒரு திசைப்பெயருக்குள் அடக்கிவிடுகிறோம். தெற்கு என்பது இடம். சமைத்தவர்கள் மனிதர்கள்.

வீட்டில் செய்யும்போது

450 கிராம் எல்போ மக்கரோனியை உப்பு நீரில் வேகவைத்து, பாக்கெட்டில் போட்ட நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே வடித்துவிட வேண்டும். மீதி ஓவனில் வேகும். சூடு இருக்கும்போதே 60 கிராம் வெண்ணெயைப் போட்டுப் புரட்டி, கைபொறுக்கும் அளவுக்கு ஆறவிட வேண்டும். மக்கரோனியின் எடைக்குச் சம எடை சீஸ்: பாதி நன்கு முதிர்ந்த செடார், பாதி இளசு. முதிர்ந்ததில் சுவை உண்டு, ஆனால் சூடேறினால் எண்ணெய் பிரியும். இளசு வழுவழுவென்று உருகும். இரண்டும் சேர்ந்தால்தான் சரி. கட்டியாக வாங்கி வீட்டிலேயே துருவ வேண்டும். துருவி விற்கும் சீஸில் ஒட்டாமலிருக்க மாவுப்பொருள் தூவியிருப்பார்கள். உருகும்போது அது நறநறக்கும்.

ஒரு டின் எவாப்பரேட்டட் மில்க், அதாவது 354 மில்லி, ஒரு கப் பால், இரண்டு முட்டை, மிளகுத்தூள், கொஞ்சம் கடுகுத்தூள், உப்பு. எல்லாவற்றையும் அடித்துக்கொள்ள வேண்டும். இந்த டின் பாலில் இனிப்பு கிடையாது. இனிப்பான கண்டென்ஸ்டு மில்க் வேறு. கிடைக்காவிட்டால் கொழுப்புள்ள பாலைப் பாதிக்கும் கீழாகச் சுண்டக் காய்ச்சி ஆறவைத்துக்கொள்ளலாம். நீர் வற்றிய பாலில் புரதம் செறிந்திருப்பதால் சீஸ் திரியாது. மக்கரோனி சுடச்சுட இருக்கும்போது முட்டைப் பாலை ஊற்றினால் முட்டை பொரிந்துவிடும். ஆறவிடச் சொன்னது அதனால்தான்.

வெண்ணெய் தடவிய 23க்கு 33 சென்டிமீட்டர் தட்டில் மக்கரோனி, சீஸ், மக்கரோனி, சீஸ் என்று அடுக்கி, முட்டைப் பாலை மூலைவரை பரவும்படி மெதுவாக ஊற்ற வேண்டும். மேலே மிச்சச் சீஸும் பாப்ரிகாத் தூளும். ரொட்டித்தூள் வேண்டாம், தென்னக வீடுகளில் பலர் அதை ஏற்கவே மாட்டார்கள். 175 டிகிரி செல்சியஸில் 35 நிமிடம் வைத்தால் ஓரம் பொன்னிறமாகிக் கொதிக்கும். தட்டை அசைத்தால் நடு லேசாக மட்டும் தளும்பும். அந்தக் கட்டத்தில் எடுத்துவிட வேண்டும். மேலும் விட்டால் முட்டை இறுகித் தண்ணீர் விடும். எடுத்தபின் கால் மணி நேரம் தொடாமல் வைத்தால்தான் துண்டு துண்டாக வெட்ட வரும். மொறுமொறுப்பான மூலைத் துண்டுகள் நான்கே. யாருக்கு என்பதை முன்பே பேசி முடித்துக்கொள்வது நல்லது.

அமெரிக்கக் கறுப்பினக் குடும்பங்களில் தேங்க்ஸ்கிவிங் திருநாள் பந்தியில் இந்தத் தட்டு வந்து அமர்ந்ததும், கரண்டியை எடுப்பதற்கு முன்பே ஒரு கேள்வி எழும்: இதை யார் செய்தது? பெரியம்மா செய்தது என்றால் தட்டு நிறையும்; முதன்முறையாகச் செய்தவர் என்றால் கொஞ்சம் தயங்கும். அவர்களுக்குச் செய்முறை இரண்டாம் பட்சம், கைதான் முதல். அதிபர் மாளிகையின் விருந்தாளியும், சமையல் நூலாசிரியர்களும், ஜெஃபர்சனைப் புகழ்ந்தவர்களும் கேட்காமல் விட்ட கேள்வி அதுவே. அதைக் கேட்டிருந்தால் இந்தப் பெயரின் முதல் சொல் ஒரு திசையாக இருந்திருக்காது. ஹெமிங்ஸ் என்றோ ஃபாசெட் என்றோ இருந்திருக்கும். பெயரை நாம் இனி மாற்ற முடியாது. செய்முறையைச் சொல்லித்தரும்போது செய்தவர்களின் பெயரையும் சேர்த்துச் சொல்ல முடியும். அதைச் செய்தாக வேண்டும்.